செய்ந்நன்றி அறிதலும் முதல் வகுப்பு ஆசிரியரும்: பட்டர்வொர்த்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

மலேசியத் தமிழ்க்கல்வி 2016-இல் இருநூறு ஆண்டை நிறைவு செய்தது. பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியால் 1816 அக்டோபர் 21-ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழுக்கும் ஒரு வகுப்பு அமைந்ததை முதற்புள்ளியாக வைத்தே இந்தக் கணக்கு. கடலுக்கு இக்கரையில், பட்டர்வொர்த்தில், ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்த நாங்கள் சிலர் அந்த ஆண்டையொட்டி ஒரு மலர் கொண்டுவர நினைத்தோம். 'என் முதல் ஆசிரியர்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது.

எழுத உட்கார்ந்தவன் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 1983-இல் எனக்கு அகரம் கற்பித்தவரின் முழுப்பெயர் எனக்குத் தெரியவில்லை. 'டீச்சர்' என்பதுதான் எங்களுக்கு அவர் பெயர். இடைநிலைப்பள்ளியில் வரலாறு நடத்தியவர், பல்கலைக்கழகத்தில் என் ஆய்வேட்டைத் திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் பட்டத்தோடும் பதவியோடும் நினைவில் இருந்தன. பேனா பிடிக்கக் கற்றுத் தந்தவரின் பெயர் மட்டும் இல்லை. அதே வகுப்பில் படித்த நண்பர்களைக் கேட்டேன். "நல்லா சொல்லிக் குடுப்பாங்களே, அந்த டீச்சர்தானே?" என்றார்கள். பெயர் அவர்களுக்கும் வரவில்லை. அன்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கமே இந்த ஆய்வுக்குக் காரணம்.

தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளே, அதிலும் சிறப்பாக முதல் மூன்று ஆண்டுகளே, இக்கட்டுரையின் எல்லை. பழந்தமிழ் நூல்களும், மலாயாவின் கல்வி வரலாறும், ஒரு வகுப்பறையைப் பற்றிய என் நினைவும், ஒரு நேர்காணலும் இதற்குச் சான்றுகள்.

2. 'நன்றி' என்ற சொல்

இன்று நன்றி நாம் வாயால் சொல்லும் ஒரு சொல். பழைய வழக்கில் அது ஒருவர் மற்றவருக்குச் செய்த நன்மையின் பெயர். திருக்குறளின் 11-ஆம் அதிகாரத் தலைப்பை அப்படியே பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்: செய்த நன்மையை அறிதல். சொல்லுதல், செலுத்துதல், பாராட்டுதல் என்று எத்தனையோ வினைகள் இருக்க, அறிதல் என்ற வினையே அங்கே நிற்கிறது. பட்டர்வொர்த்துப் பிள்ளைகள் ஆசிரியர் தினத்தன்று மலாய் சிக்குவிடம், அதாவது ஆசிரியரிடம், 'தெரிமா காசே' என்பார்கள். அன்பைப் பெற்றுக்கொண்டேன் என்பது அதன் சொற்பொருள். மலாய்ச் சொல் பெறுதலை முன்வைக்கிறது, தமிழ்ச் சொல் அறிதலை முன்வைக்கிறது. இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் சொல்லி வளர்ந்தவன் என்பதால் இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த அதிகாரத்தின் முதல் மூன்று குறள்களும் மூன்று வகை உதவியைப் பேசுகின்றன. நாம் முன்பு எதுவும் செய்யாதிருக்க நமக்குச் செய்யப்பட்டது, வேண்டிய காலத்தில் செய்யப்பட்டது, என்ன திரும்பக் கிடைக்கும் என்று எண்ணாமல் செய்யப்பட்டது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் ஒன்றுகூடுவது அரிது. முதலாம் ஆண்டு ஆசிரியரிடம் அவை கூடிவிடுகின்றன. ஆறு வயதுப் பிள்ளை யாருக்கும் எதுவும் செய்திருக்காது. எழுத்து கைவருவதற்குரிய பருவம் தவறினால் பிற்பாடு படும் பாடு பெரிது. பிள்ளை வளர்ந்து ஆளாகும்போது அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றிருப்பார்.

சிக்கல் எங்கே என்றால், அறிதலில்தான். பசித்தவன் சோறு போட்டவரை அறிவான், ஏனென்றால் பசி அவனுக்கு நினைவிருக்கிறது. எழுத்து அப்படியில்லை. கற்ற பிறகு, கல்லாதிருந்த நிலையை மனத்தால்கூட எட்ட முடியாது. பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் நின்று அதன் பெயர்ப்பலகையை வாசிக்காமல், வெறும் கோடுகளாக மட்டும் பார்க்க முயன்றேன். முடியவில்லை. கண் பட்ட கணமே அது சொல்லாகிவிடுகிறது. முதல் ஆசிரியர் செய்த நன்மை முழுமையாகப் பலித்ததால்தான் அது நம் கண்ணுக்கு மறைந்துபோனது. அரைகுறையாகக் கற்றிருந்தால் ஒவ்வொரு நாளும் தடுக்கி, அவரை நினைத்திருப்போம். ஆகவே செய்ந்நன்றியை அறிய வேண்டுமானால் இங்கே நெகிழ்ச்சி போதாது, தேடல் வேண்டும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

3. கணக்காயரும் பாலாசிரியரும்

தமிழ் மரபில் ஆசிரியரைப் போற்றும் இடங்கள் பல. ஆனால் அவை எந்த ஆசிரியரைப் போற்றுகின்றன என்று பார்க்க வேண்டும். பவணந்தி முனிவரின் நன்னூல், சீயகங்கன் என்ற சிற்றரசனின் வேண்டுகோளால் எழுந்தது. அதன் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் தராசுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறது. இலக்கணம் படித்த எல்லாருக்கும் இது தெரியும். அந்த ஆசிரியர் நூல் கற்பிப்பவர். அவரிடம் வருகிற மாணவனுக்கு ஏற்கெனவே எழுத்து தெரியும். எழுத்தறிவித்தவர் யார் என்ற கேள்வி அங்கே எழவேயில்லை.

சங்க நூல்களில் வேறொரு தடம் கிடைக்கிறது. அகநானூற்றிலும் நற்றிணையிலும் பாடல் செய்தவர்களில் ஒருவர் மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார். மதுரைப் பாலாசிரியர் நற்றாமனார் என்றும் ஒருவர் உண்டு. பாலாசிரியர் என்பதைச் சிறு பிள்ளைகளின் ஆசிரியர் என்று உரைகாரர் கொள்வர். நாம் இன்று மலேசியாவில் 'பாலர் பள்ளி' என்கிறோமே, அந்தப் பாலரின் ஆசிரியர். அவர்கள் பெயர் நமக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், அவர்களே கவிஞராகவும் இருந்தது. பிள்ளைகளுக்குக் கற்பித்ததற்காக யாரும் அவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை.

இன்னொரு சான்று இதைவிடக் கூர்மையானது. நக்கீரரின் முழுப்பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்றால் எழுத்தும் எண்ணும் கற்பித்தவர். தமிழ் உள்ளவரை நிற்கப்போகும் ஒரு புலவரின் தந்தை, தாமும் ஓர் ஆசிரியர். அவருடைய பெயர் என்ன? தெரியாது. தொழிற்பெயர் மட்டும் மகனின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'டீச்சர்' என்ற சொல்லோடு நான் நின்றுபோனது போலவே ஒரு சமூகமும் 'கணக்காயனார்' என்ற சொல்லோடு நின்றுபோயிருக்கிறது.

4. நிலமும் பள்ளியும்

பட்டர்வொர்த், நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரைத் தாங்கிய ஊர். அதைச் சூழ்ந்த செபராங் பிறை, அந்நாளில் வெல்லஸ்லி மாகாணம், 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டுக் கூலிகள் ஒப்பந்தத்தில் வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. 1912-இன் தொழிலாளர் சட்டமும் அதை வலுப்படுத்திய 1923-இன் சட்டமும், ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றன.

சட்டம் பள்ளியைக் கேட்டது. ஆசிரியரை எங்கிருந்து கொண்டுவருவது என்று அது சொல்லவில்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி, கணக்கெழுதும் கிராணி, சில தோட்டங்களில் சற்றே படித்த தொழிலாளி ஆகியோர் வாத்தியார் ஆனார்கள். உபாத்தியாயர் என்ற பெரிய சொல் தேய்ந்து வாத்தியார் ஆனது மொழி வரலாறு. அந்தத் தேய்ந்த சொல்லைத் தோட்டத்துக் கொட்டகையில் நின்று சுமந்தவர்கள் இவர்கள். ஒரே ஆள் ஒரே கூரையின் கீழ் நான்கைந்து வகுப்பைப் பார்த்தார். பெற்றோர் விடியுமுன் பால்மரத்துக்குப் போயிருப்பார்கள். பாடநூலோ தமிழ்நாட்டிலிருந்து வந்தது. காவிரியைப் பார்க்காத பிள்ளைக்குக் காவிரியைச் சொல்லித் தர வேண்டும்.

1956-இல் ரசாக் கல்வி அறிக்கை வந்தது. அதன் பரிந்துரைகளைச் சட்டமன்றம் ஏற்ற மே 16-ஆம் நாளே இன்று மலேசியாவின் ஆசிரியர் தினம். நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரம் நோக்கி நகர, அவற்றில் ஐந்நூற்றுச் சொச்சமே எஞ்சின. மூடிய ஒவ்வொரு பள்ளியோடும் அதன் பதிவேடுகளும் போயின என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கட்டடம் போனதை எண்ணினோம். ஆசிரியர் பெயர்கள் போனதை எண்ணவில்லை.

5. ஒரு வகுப்பறை, 1983 முதல் 1988 வரை

எங்கள் வகுப்பு ஒரு சந்தியில் பிறந்தது. 1983-இல்தான் கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் முதலாம் ஆண்டில் நுழைந்தது. வாசிப்பு, எழுத்து, எண் என்ற மூன்றும் அதன் அடித்தளம். அந்த முதல் அணி ஆறாம் ஆண்டை எட்டிய 1988-இல் யு.பி.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் முதன்முறையாக நடந்தது. ஆக, எங்கள் ஆசிரியர்கள் தாங்கள் படிக்காத முறையில், தாங்கள் பார்த்திராத தேர்வுக்கு எங்களைத் தயார் செய்தார்கள். அப்போது இது எங்களுக்குத் தெரியாது. இந்த ஆய்வுக்காகத் தேதிகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே புலப்பட்டது.

எங்கள் தந்தையரில் சிலர் துறைமுகத்தில், சிலர் ரயில்வேயில், சிலர் ஈயம் உருக்கும் ஆலையில், சிலர் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை செய்தார்கள். எங்கள் வீட்டுத் தமிழில் ழகரம் இல்லை. வாழைப்பழம் எங்களுக்கு 'வாளப்பளம்'. டீச்சர் ஒருநாள் கைப்பையிலிருந்து சிறிய கைக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து, வாயைத் திறந்து நாக்கு எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னார். நாக்கின் நுனி மேலே வளைந்து எதையும் தொடாமல் நிற்க வேண்டும். கண்ணாடி வகுப்பைச் சுற்றி வர ஒரு பாடவேளை முழுவதும் ஆனது. மறுநாளும் கொண்டுவந்தார். அதற்கு அடுத்த நாளும். எத்தனை நாள் என்று என்னால் சொல்ல முடியாது. இன்று மேடையில் நின்று 'தமிழ்' என்று சொல்லும்போது என் நாக்கு தானாக வளைகிறது. அந்த வளைவு இயற்கையாக வந்ததென்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

எழுத்துக் குழப்பம் ழகரத்தோடு முடியவில்லை. முதலாம் ஆண்டிலேயே மலாயும், மூன்றாம் ஆண்டில் ஆங்கிலமும் சேர்ந்தன. இரண்டுக்கும் ரோமன் எழுத்தே. ஆனால் 'சாவான்' என்ற மலாய்க் கோப்பையின் முதலெழுத்தும், 'கேட்' என்ற ஆங்கிலப் பூனையின் முதலெழுத்தும் ஒன்று. ஒரே எழுத்துக்கு மலாயில் சகர ஒலி, ஆங்கிலத்தில் ககர ஒலி. ஒன்பது வயதில் இந்த முடிச்சில் நான் அழுதிருக்கிறேன். மூன்றாம் ஆண்டு வாத்தியார் கரும்பலகையில் மூன்று வீடு வரைந்தார். "இந்த எழுத்து இந்த வீட்டுல அண்ணன், அந்த வீட்டுல மாமா. ஆளு ஒருத்தர்தான், கூப்பிடுற முறைதான் வேற," என்றார். மொழியியல் நூல்களைப் பிற்காலத்தில் புரட்டியபோது இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இதை விளக்கவில்லை. இதில் மிகை ஒன்றுமில்லை.

அதே மூன்றாம் ஆண்டில், 1985 செப்டம்பரில், பினாங்குப் பாலம் திறந்தது. 13.5 கிலோமீட்டர் நீளம். கட்டுரை எழுதச் சொன்ன வாத்தியார் ஒரு நிபந்தனை போட்டார்: ஃபெர்ரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத வேண்டும். போக முடியாத பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அவரே அழைத்துப் போனார். கட்டணத்தை யார் கொடுத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் அதையெல்லாம் கேட்பதில்லை. படகின் மேல்தளத்தில் நின்று தெற்கே பார்த்து, கண்ணில் பட்டதை ஒவ்வொருவரும் ஒரு சொற்றொடராகச் சொல்ல வேண்டும். 'அழகாக இருக்கிறது' என்பதை அவர் ஏற்கவில்லை. என்ன இருக்கிறது என்று சொல், அழகா இல்லையா என்பதைப் படிக்கிறவர் சொல்லட்டும் என்றார். நான் இன்றுவரை எழுதுவது அந்தப் படகில் கற்றதை வைத்துத்தான்.

ஆறாம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை. 1988 ஜூலை 31, ஞாயிறு, பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்து 32 பேர் இறந்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவும் சீனர்களின் குவான் யின் விழாவும் ஒன்றாக வந்து, கூட்டம் அலைமோதிய நாள். மறுநாள் காலை வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். மற்ற நாளில் பெயரை வாசித்துக்கொண்டே தலை நிமிராமல் குறிப்பவர். அன்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பிள்ளை எழுந்து நின்று "இருக்கேன் ஐயா" என்று சொன்ன பிறகே அடுத்த பெயருக்குப் போனார். எங்கள் வகுப்பில் எல்லாரும் இருந்தோம். கடைசிப் பெயர் முடிந்ததும் பதிவேட்டை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கணிதப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார்.

ஆறாம் ஆண்டோடு தமிழ்வழிக் கல்வி முடிகிறது. எங்களில் பலர் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு இடைநிலைப்பள்ளியின் மலாய்ப் பாடங்களுக்குள் நுழைந்தோம். தமிழ் ஒரு தனிப்பாடமாகச் சுருங்கியது. முதல் ஆசிரியர்களின் மொழியே அன்றாட அட்டவணையிலிருந்து விலகிக்கொண்டதால் அவர்களும் மெல்ல விலகிப்போனார்கள். எங்கள் மறதிக்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம் என்று கருதுகிறேன்.

6. ரோத்தான்

தொடக்கப்பள்ளி ஆசிரியரைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் தலைமுறையில் முதலில் வருவது ரோத்தான் என்ற பிரம்புதான். உள்ளங்கையில் வாங்கியவர்கள் இன்று அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கட்டணம் கட்டத் தாமதமானதற்காக ஒரு பிள்ளை அடி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். தவறு அந்தப் பிள்ளையுடையதில்லை. அடித்தவரும் நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தவர்.

இந்த நினைவை நன்றியின் பெயரால் அழிக்க வேண்டுமா? செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தில் ஒரு குறள், கொன்றது போன்ற தீமையைச் செய்தவராயினும் அவர் முன்செய்த ஒரு நன்மையை நினைத்தால் அது மறையும் என்கிறது. பலர் இதை, தீமையைப் பொருட்படுத்தாதே என்று படிக்கிறார்கள். அங்கே தீமை தீமையென்றே பெயர் சொல்லப்படுகிறது, அதுவும் கொலையோடு ஒப்பிட்டு. நன்மையை உள்ளத்தில் எடுத்துவைத்தால் மனத்தின் கசப்பு நீங்கும் என்பதே அதன் பொருள் என நான் கொள்கிறேன். அடித்தது சரி என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆகவே ஒரு நேர்மையான பதிவில் கைக்கண்ணாடியும் இருக்க வேண்டும், ரோத்தானும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் நாம் அறிந்தது பாதிதான்.

7. மாணவரின் புகழும் ஆசிரியரின் பெயரும்

உ.வே. சாமிநாதையர் தம் ஆசான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதினார். அது பெரும்புலவருக்குப் பெரும்புலவர் செய்த கடன். அவரது 'என் சரித்திரம்' அதனினும் அரிய ஒன்றைச் செய்தது. சிறுவயதில் தமிழ்ச் சுவையை ஊட்டிய அரியலூர்ச் சடகோபையங்காரை அது மறக்கவில்லை. உ.வே.சா. எழுதியிராவிட்டால் சடகோபையங்கார் யாரென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காமு 1957-இல் நோபெல் பரிசு பெற்றதும், அல்ஜியர்ஸில் தமக்குத் தொடக்கப்பள்ளியில் கற்பித்த லூயி ஜெர்மேனுக்குக் கடிதம் எழுதினார். பரிசை ஒட்டிய உரைகளை அவருக்கே உரிமையாக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத தாயின் மகன், அந்த ஆசிரியர் முயன்று பெற்றுத்தந்த உதவித்தொகையால் மேலே படித்தவர்.

இரண்டும் உயர்ந்த செயல்கள். எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. முதல் ஆசிரியரின் பெயர் நிலைப்பதற்கு மாணவர் புகழ்பெற்றாக வேண்டுமா? பட்டர்வொர்த்தில் எங்களோடு படித்தவர்கள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், துறைமுகத்தில் பளுதூக்கியை இயக்குகிறார்கள், மருத்துவமனையில் தாதியாக இருக்கிறார்கள். அவர்கள் யாரும் சரித்திரம் எழுதப்போவதில்லை. ஆனால் லாரி ஓட்டுநர் சரக்குச் சீட்டை வாசிப்பதும், தாதி மருந்தின் அளவைப் படித்துக் கொடுப்பதும் அதே ஆசிரியர்களின் கைவேலை. தனிமனிதரின் புகழை நம்பாமல் பள்ளிகளே ஆசிரியர் பெயர்களைக் காக்கலாம். வருகைப் பதிவேடுகள், ஆண்டு மலர்கள், வகுப்புப் புகைப்படங்களின் பின்புறம் எழுதிய பென்சில் குறிப்புகள் ஆகியவற்றிலிருந்து ஆசிரியர் பெயர், பிறந்த ஊர், கற்பித்த ஆண்டு, அவரிடம் படித்தவர் ஒருவரின் சிறு குறிப்பு என நான்கு நிரல் கொண்ட ஓர் ஏடு போதும். மலருக்கான இரண்டு பக்கத்தை விட்டுவிட்டு நான் அந்த ஏட்டைத் தொடங்கினேன்.

8. நேர்காணல்

டீச்சரைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. பிறையில் மகள் வீட்டில் இருந்தார். எழுபத்தைந்து வயது. முழுப்பெயரைக் கேட்டு, அவர் முன்னாலேயே ஏட்டின் முதல் நிரலில் எழுதினேன். கண்ணாடியை மூக்கில் சரித்துக்கொண்டு நான் எழுதுவதைப் பார்த்திருந்தார். "ளகரத்துக்கு இன்னும் கால் சரியா இழுக்கலையே தம்பி," என்றார்.

கைக்கண்ணாடியை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். "எத்தனை வருசம், எத்தனை பிள்ளைங்க. எது யாருக்குன்னு எப்படி ஞாபகம் இருக்கும்?" அவர் செய்ததை அவரும் மறந்திருந்தார். அது என்னிடம் மட்டுமே இருந்தது. நான்காம் நிரலில் அதை எழுதினேன்.

பிறகு, வழக்கமான கேள்வியாகத்தான் கேட்டேன்: "உங்களுக்கு அகரம் சொல்லிக் குடுத்தது யாரு டீச்சர்?"

அவர் முகம் மாறியது. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டம், ஜப்பான்காரன் போன பிற்பாடு என்றார். கூரை ஒழுகும் கொட்டகை. பகலில் கணக்கு எழுதுகிறவர், மத்தியானம் பிள்ளைகளை உட்கார வைப்பார். தரையில் மணலைப் பரப்பி, டீச்சரின் விரலைப் பிடித்து எழுத வைத்தவர். பெண்பிள்ளையை எதற்குப் படிக்க வைக்கிறாய் என்று கேட்டவர்களிடம் டீச்சரின் அப்பாவுக்காகப் போய்ப் பேசியவர். வேட்டியில் எப்போதும் மைக்கறை இருக்கும். எல்லாம் சொன்னார், நிறுத்தாமல் சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"அவர் பேரு டீச்சர்?"

நெடுநேரம் யோசித்தார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிராணி வாத்தியார்னுதான் கூப்பிடுவோம்," என்றார்.

ஏட்டின் அடுத்த வரியில் ஊர், ஆண்டு, குறிப்பு மூன்றையும் நிரப்பினேன். முதல் நிரலை விட்டுவைத்திருக்கிறேன்.